108 மணியோசையும் ஆண்டுக் கடைசிக் கணக்கும்

ஜப்பானியர் டிசம்பர் 31 இரவில் 108 முறை மணி அடித்துத் தங்கள் ஓராண்டுத் தவறுகளை நினைத்துப் பார்ப்பதாகப் படித்தேன், இப்படித் தன்னைத் தானே ஆராயும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருக்க நம்மிடம் மட்டும் ஏன் இல்லை, வரும் ஆண்டிறுதியில் கியோட்டோவில் இருக்கப் போகிறேன், அந்த மணியை நானும் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு விடை எளிது. அடிக்கலாம், எங்கே எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன். முதல் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஜப்பானியர் அன்றிரவு செய்வது தன்னாய்வுதான் என்று எடுத்துக்கொண்டால்தான் 'நம்மிடம் ஏன் இல்லை' என்ற கேள்வியே எழும். எனக்குத் தயக்கம் அங்கேதான். நான் கியோட்டோவில் மூன்று ஆண்டு படித்துவிட்டு, 22 ஆண்டுகளாக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்ப்பவன். ஆகவே ஜப்பானைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் கண்டதும் வாய்வழியே பெயர்த்ததும். மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்வது படித்தது மட்டுமே என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணியிலிருந்தே தொடங்குகிறேன். அதன் பெயர் ஜோயா நோ கானே, அதாவது பழைய ஆண்டைக் கழிக்கும் இரவின் மணி. நம் கோயில் மணியைப் போல உள்ளே நாக்கு கிடையாது. வெளியே கயிற்றில் கிடைமட்டமாகத் தொங்கும் மரத்தடியைப் பின்னுக்கு இழுத்து மோதவிடுவார்கள். கியோட்டோவில் நான் தங்கியிருந்த தெருவின் சிறிய கோயிலில் ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு முறை அடிப்பார்கள். முதல் ஆண்டு நான் பலமாக அடிக்க வேண்டும் என்று நினைத்துக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தேன். தடி கோணலாகப் போய்ப் பட்டு, தகரத்தைத் தட்டியது போல ஒரு சத்தம்தான் வந்தது. பின்னால் நின்ற முதியவர் சிரிக்காமல், 'மெதுவாக ஆட்டிவிடுங்கள், தடி தானே போகும்' என்றார். அவர் அடித்த ஓசை அடங்குவதற்குள் அடுத்தவர் கைகூப்பி முடித்துவிட்டார். வெளியே ஓர் அண்டாவில் அமசாகே என்ற இனிப்புக் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் அதற்காகத்தான் வரிசையில் நின்றார்கள். யாரும் கண்ணை மூடிக்கொண்டு தன் தவறுகளை எண்ணிக்கொண்டிருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மனத்துக்குள் எண்ணியவர்கள் இருந்திருக்கலாம்.

108 என்ற எண்ணுக்கு மூன்று விளக்கங்கள் உலவுகின்றன. மனிதனைப் பிடித்தாட்டும் 108 கிலேசங்களை, அதாவது மன அழுக்குகளை, ஜப்பானிய மொழியில் பொன்னோ என்பவற்றை, ஒவ்வொன்றாகக் களைவதற்காக என்பது முதலாவது. ஆறு புலன்கள், அவற்றில் ஒவ்வொன்றுக்கும் இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை, அவற்றில் தூய்மை, மாசு, பின்பு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று பெருக்கினால் 108 வரும். இந்தக் கணக்கு பௌத்த மரபில் உள்ளதுதான். 12 மாதம், 24 பருவப் பிரிவு, 72 நுண்பருவம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை என்பது இரண்டாவது. மூன்றாவது வெறும் சொல் விளையாட்டு: துன்பங்கள் அனைத்தையும் குறிக்கும் 'ஷிகு ஹக்கு' என்ற தொடரை எண்களாகப் படித்தால் நாலொன்பது 36, எட்டொன்பது 72, ஆக 108. பின்னிரண்டும் எண் நிலைத்த பிறகு கட்டிய விளக்கங்கள் என்றே நான் கருதுகிறேன். 108 திவ்யதேசமும் 108 வடைமாலையும் அறிந்த நமக்கு, எண் முதலில் வரும், காரணம் பிறகு வரும் என்பது புதிதல்ல. இன்னொன்றும் உறுதியாகச் சொல்லலாம். நாடு முழுவதும் ஒரே இரவில் ஒரே மணியோசையைக் கேட்பது வானொலி வந்த பின்னர்தான் ஆயிற்று. ஜப்பான் மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியதே 1873 ஜனவரி 1 அன்றுதான். அதுவரை அவர்களுடைய ஆண்டுக் கடைசி நாள் சந்திர மாதக் கணக்கில் வேறொரு நாளில் விழுந்துகொண்டிருந்தது.

சரி, மணியை விட்டுவிட்டு அந்த நாட்களில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தின் கைகள் எதில் இருக்கின்றன என்று பாருங்கள். துடைப்பத்திலும் துணியிலும்தான். ஓசோஜி என்ற பெருந்துப்புரவு டிசம்பர் முழுவதும் நடக்கும். அடுப்புக்கரி எரித்த காலத்தில் இதற்கு சுசுஹராய், அதாவது கரி தட்டுதல் என்று பெயர். ஷோகுன் என்ற படைத்தலைவர்கள் நாட்டை ஆண்ட எடோ காலத்தில் அவர்களுடைய கோட்டையில் அதற்குப் பன்னிரண்டாம் மாதம் 13 என்று நாளே குறித்திருந்தார்கள். கியோட்டோவின் இரண்டு பெரிய ஹொங்கான்ஜி கோயில்களிலும் இன்றும் டிசம்பர் 20 அன்று பக்தர்கள் வரிசையாக உட்கார்ந்து தாதாமிப் பாய்களை மூங்கில் குச்சியால் அடிப்பார்கள், எழும் தூசியைப் பின்னால் நிற்பவர்கள் பெரிய விசிறியால் வெளியே தள்ளுவார்கள்.

எங்கள் தொழிற்சாலையிலும் இது வந்தது. டிசம்பர் 28 மதியத்துக்கு மேல் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் அவரவர் இடத்தைத் துடைக்க வேண்டும் என்று ஜப்பானிய மேலாளர் சொன்னதை நான் தமிழில் சொன்னபோது, நம் பொறியாளர்கள் அதை ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கான உத்தரவு என்று நினைத்து அவர்களைக் கூப்பிடப் போனார்கள். திரும்பிப் பார்த்தால் மேலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வாளியோடு தன் மேசைக்கு அடியில் முழங்காலிட்டிருந்தார். இளைஞர்கள் சிலர் ஓடிப் போய் வாளியைப் பிடுங்கப் பார்த்தார்கள், அவர் விடவில்லை. துடைப்பத்தை யார் தொடுவது என்பதில் நம் ஊரில் எவ்வளவு வரலாறு அடங்கியிருக்கிறது என்பதை எந்த மொழியிலும் அவருக்குப் பெயர்த்துச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. அடுத்த ஆண்டு பாதிப்பேர் தாங்களே துணியோடு வந்தார்கள்.

நீங்கள் கேட்கும் தன்னாய்வுக்கு ஜப்பானிய மொழியில் தனிச்சொல் உண்டு: ஹான்செய். நடந்ததைத் திரும்பிப் பார்த்து எங்கே தவறினோம் என்று ஒப்புக்கொள்வது. ஆனால் அது ஆண்டு முடிவுக்குக் காத்திருப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் மாலை மணி அடிக்கும் முன் பிள்ளைகள் செய்கிறார்கள், தொழிற்சாலையில் ஒரு திட்டம் முடிந்ததும் அதற்கென்றே கூட்டம் போடுகிறார்கள். டிசம்பரில் அலுவலகங்கள் நடத்தும் விருந்தின் பெயரோ போனென்காய். எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் 'ஆண்டை மறக்கும் கூட்டம்'. முதன்முதலில் இதை மேடையில் பெயர்த்தபோது நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று கூட்டத்தில் ஒருவர் திருத்த வந்தார், ஆண்டை நினைவுகூரும் கூட்டம் என்றுதானே இருக்க வேண்டும் என்று. இல்லை, மறப்பதுதான். ஆண்டு முழுவதும் நினைத்துத் திருத்திக்கொண்டிருப்பவர்களுக்கு ஆண்டுக் கடைசியில் வேண்டியிருப்பது மறதி.

அதற்கும் பழைய வேர் ஒன்று இருக்கிறது, அது கடன். எடோ காலத்து நகரங்களில் அரிசி, எண்ணெய், துணி எல்லாமே கணக்கில் எழுதி வாங்குவார்கள், ஆண்டுக்கு இரண்டு தவணையில், கோடையில் வரும் போன் பண்டிகையிலும் ஆண்டுக் கடைசியிலும், தீர்ப்பார்கள். ஓமிசோகா என்ற அந்தக் கடைசி இரவில் வணிகர்களின் ஆட்கள் விளக்கோடு வீடு வீடாகப் போவார்கள். விடிந்து புத்தாண்டு பிறந்துவிட்டால் கேட்க முடியாது. இஹாரா சைகாகு 1692இல் வெளியிட்ட கதைத்தொகுப்பு ஒன்று முழுக்க இந்த ஒரே நாளைப் பற்றியது. கடன்காரர்கள் செய்யும் தந்திரங்களும் வசூலிக்க வந்தவர்கள் படும் பாடும் தவிர அதில் வேறு பேச்சு குறைவு. அந்த இரவு உள்ளத்தைத் துழாவும் இரவாக இருந்தது என்பதைவிட, கதவைத் தட்டும் சத்தத்துக்குக் காது கொடுத்த இரவாக இருந்தது என்பதே பொருத்தம்.

ஜப்பானில் நீங்கள் நினைக்கும் பொருளில் ஆண்டைத் திரும்பிப் பார்க்கும் சடங்கு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அது 1995இல் பிறந்தது. கான்ஜி என்ற சீன வழி எழுத்துகளில் தேர்வு நடத்தும் ஓர் அமைப்பு, அந்த ஆண்டைக் குறிக்க ஒரே ஓர் எழுத்தை மக்களிடம் கேட்டு, அதிக வாக்குப் பெற்றதை டிசம்பரில் கியோட்டோவின் கியோமிஸு கோயில் மாடத்தில் தலைமைத் துறவியின் கையால் பெரிய தூரிகையில் எழுதவைக்கிறது. முதல் எழுத்து 'நடுக்கம்'. அந்த ஜனவரியில்தான் கோபே நிலநடுக்கம். சுனாமி வந்த 2011இல் 'பிணைப்பு', கொரோனா வந்த 2020இல் 'நெருக்கம்', கூட்டமாகச் சேராதே என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த பொருளில். தேர்வுக்கான விளம்பரமாகத் தொடங்கியதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2011இல் அந்த எழுத்தைத் தொலைக்காட்சியில் எழுதக் கண்டு எங்கள் அலுவலகத்தில், சுனாமி தாக்கிய செண்டாய் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இந்தக் கண்ணோடு மற்றப் பண்பாடுகளைப் படித்தால் ஒரே சாயல் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அழுக்கு, கடன், பகை இம்மூன்றில் எதையாவது எல்லையைத் தாண்டவிடாமல் தீர்ப்பதுதான் வேலை. சிந்தனை அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஈரானில் மார்ச் மாதச் சமபகல் நாளில் வரும் நவ்ரூஸுக்கு முன் நடக்கும் துப்புரவுக்கு 'வீட்டை உதறுதல்' என்றே பெயர். அதற்கு முந்தைய கடைசிச் செவ்வாய் இரவில் தெருவில் நெருப்பு மூட்டித் தாண்டி, 'என் மஞ்சள் உனக்கு, உன் சிவப்பு எனக்கு' என்பார்கள். சோகையைக் கொடுத்துச் சூட்டை வாங்கிக்கொள்கிறார்கள். சீன வீடுகளில் பன்னிரண்டாம் மாதம் 23 அல்லது 24 அன்று அடுப்படித் தெய்வம் வானுலகுக்குப் போய்க் குடும்பத்தின் ஓராண்டு நடத்தையை அறிக்கையாகச் சமர்ப்பிக்கும் என்பது நம்பிக்கை. புறப்படும் முன் அதன் வாயில் ஒட்டும் இனிப்பைத் தடவி அனுப்புவார்கள், இனிப்பாகவே பேச வேண்டும் அல்லது வாயைத் திறக்கவே கூடாது என்பதற்காக. தணிக்கை வரும்போது தேநீரும் பலகாரமும் வாங்கிவைக்கும் நம் கணக்குப் பிரிவுக்கு இந்தத் தெய்வம் உடனே புரிந்துவிடும்.

உண்மையான தன்னாய்வை ஆண்டின் எல்லையில் வைத்த மரபு என்று எனக்குத் தெரிந்த வரையில் யூத மரபைத்தான் சொல்ல முடியும். அவர்களுடைய ஆண்டுப் பிறப்பு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வருகிறது. அதற்கு முந்தைய எலூல் மாதம் முழுவதும் ஆயத்தம், பிறப்பு நாளிலிருந்து எண்ணினால் பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்ற நோன்பு. அங்கேயும் ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள்: கடவுளுக்கு எதிரான குற்றத்தை அந்த நாள் தீர்க்கும், சக மனிதனுக்கு எதிரான குற்றத்தை அவனைச் சமாதானப்படுத்தும் வரை தீர்க்காது என்று மிஷ்னா என்ற பழைய சட்டநூலே சொல்கிறது. உள்ளுக்குள் வருந்தினால் போதாது, நடந்துபோய் ஒரு கதவைத் தட்ட வேண்டும். சமண மரபிலும் இதே நிபந்தனை உண்டு. மழைக்காலத்தில் வரும் பர்யூஷணத்தின் கடைசி நாளுக்கு சுவேதாம்பரர்கள் இட்ட பெயர் சம்வத்சரி, அதாவது ஆண்டுக்குரியது. அன்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் 'மிச்சாமி துக்கடம்', என் பிழை பயனற்றுப் போகட்டும் என்று சொல்வார்கள். சென்னை சௌகார்பேட்டையில் எங்களுக்குத் துணி விற்கும் கடைக்காரர் ஒவ்வோர் ஆண்டும் என்னிடமும் சொல்வார். அவர் எனக்குச் செய்த பிழை எது என்று எனக்குத் தெரியாது, நான் அவருக்குத் தர வேண்டிய பாக்கிதான் நினைவுக்கு வரும்.

புத்தாண்டு உறுதிமொழி நாலாயிரம் ஆண்டுக்கு முன் பாபிலோனில் தொடங்கியது, அவர்கள் இரவல் வாங்கிய உழவுக்கருவிகளைத் திருப்பித் தருவதாகச் சபதம் செய்தார்கள் என்று இணையத்தில் எங்கும் படிப்பீர்கள். இதைச் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். அகீட்டு என்ற பாபிலோனியப் புத்தாண்டுச் சடங்கை விவரிக்கும் களிமண் பலகைகள் கிரேக்கர் ஆட்சிக் காலத்தவை, அவற்றில் இருப்பது அரசனின் காட்சி. பூசாரி அவன் செங்கோலையும் மகுடத்தையும் கழற்றி, கன்னத்தில் அறைந்து, காதைப் பிடித்து இழுத்து மண்டியிடவைக்க, அவன் 'நான் பாவம் செய்யவில்லை, பாபிலோனை அழிக்கவில்லை' என்று சொல்கிறான். மறுபடி அறையும்போது கண்ணீர் வந்தால் நல்ல சகுனம். குடிமக்களின் சபதப் பட்டியலுக்கும் இதற்கும் வெகுதூரம். தனியாக உட்கார்ந்து ஆண்டைக் கணக்குப் பார்க்கும் இன்றைய வழக்கத்துக்கு நெருங்கிய மூதாதையர் பிற்கால ஐரோப்பாவில் இருக்கிறார்கள் என்பது என் கருத்து: 17ஆம் நூற்றாண்டு லண்டனில் டிசம்பர் 31 அன்று தன் சொத்தையும் உடல்நலத்தையும் நாட்குறிப்பில் கூட்டிப்பார்த்த சாமுவேல் பெப்பிஸ், 1755இல் ஜான் வெஸ்லி என்ற மதகுரு தம் வழி வந்த மெதடிஸ்டு கிறிஸ்தவர்களுக்காக ஏற்படுத்திய, கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் ஆராதனை. அந்த ஓடை தமிழுக்கும் வந்திருக்கிறது. டிசம்பர் 31 இரவில் நம் தேவாலயங்களில் நடக்கும் வாட்ச்நைட் ஆராதனையில் ஓராண்டுச் சாட்சி சொல்வதும், நள்ளிரவு கடந்ததும் வரும் ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனத்தைக் கேட்க எல்லோரும் நிமிர்ந்து உட்காருவதும் அதன் வழிவந்தவையே. ஆகவே 'நம்மிடம் இல்லை' என்பதில் 'நாம்' யார் என்பதையும் நீங்கள் சற்று விரித்துக்கொள்ள வேண்டும்.

மற்றத் தமிழரிடம் என்ன இருக்கிறது என்றால், எல்லாம் இருக்கிறது, ஒரே இரவில் இல்லை. கரி தட்டுவதும் வெள்ளையடிப்பதும் பழையதை எரிப்பதும் மார்கழிக் கடைசியில் போகியன்று. கொங்குப் பக்கம் எரிப்பதைவிட வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவதுதான் முக்கியம். ஆனால் பஞ்சாங்கப்படி ஆண்டு மாறுவது சித்திரையில். தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் சட்டம் வந்து 2011இல் நீக்கப்பட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இலங்கைத் தமிழர் சித்திரைப் பிறப்பில் மூலிகை சேர்த்த மருத்துநீர் வைத்துத் தலைமுழுகி, கைவிசேஷம் என்ற புத்தாண்டுப் பணத்தைக் கொடுத்து வாங்குகிறார்கள். அழுக்கும் கணக்கும் அங்கே ஒரே நாளில் சேர்கின்றன. நம் அலுவலகங்களின் ஆண்டோ மார்ச் 31 அன்று நள்ளிரவில் முடிகிறது, அன்றைக்குக் கண்விழிக்கும் கணக்காளர்களைப் போலத் தீவிரமாக ஓராண்டைத் திரும்பிப் பார்ப்பவர்களை நான் கண்டதில்லை. போகிக்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்பது நன்னூலில் வரும் இலக்கண விதி; பழைய சொற்கள் வழக்கொழிவதும் புதிய சொற்கள் வந்து சேர்வதும் குற்றமாகாது என்பதே அதன் பொருள், பாயையும் துடைப்பத்தையும் எரிப்பது பற்றியது அல்ல. சொல்லைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

கியோட்டோவுக்கு வருகிறேன். படங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய மாபெரும் மணி சியோன்இன் கோயிலுடையது; 1636இல் வார்த்தது, எடை சுமார் 70 டன். அதை நீங்கள் அடிக்க முடியாது. 17 துறவிகள் கயிறு பிடிப்பார்கள், 'ஏய், ஹிதோத்ஸு', 'சோரே' என்ற குரல்களோடு எல்லோரும் இழுக்க, முதன்மைக் கயிறு பிடித்தவர் அதில் தொங்கியபடி முதுகு தரையைத் தொடும் அளவுக்கு மல்லாந்து சாய்வார். பார்ப்பதற்கே நெரிசல் மிகுதி, இரவு பத்தரைக்கு முன்பே அங்கு இருக்க வேண்டும். அடிக்க வேண்டுமானால் சிறிய கோயில்களைத் தேடுங்கள். சில இடங்களில் எண் எழுதிய சீட்டுக் கொடுப்பார்கள், அது 108 தீர்ந்ததும் தீர்ந்தது. சில இடங்களில் வந்தவர் எல்லோரையும் அடிக்கவிட்டு எண்ணிக்கையைக் கண்டுகொள்வதில்லை. அக்கம்பக்கத்தார் இரைச்சல் என்று முறையிட்டதால் பகலிலேயே அடித்து முடிக்கும் கோயில்களும் இப்போது உண்டு, ஆகவே தங்கும் விடுதியில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சியோன்இன் பக்கத்திலேயே யாசாகா ஆலயம் இருக்கிறது. அங்கே அன்றிரவு ஒரு சிறு கயிற்றில் நெருப்புப் பற்றவைத்து, அணையாமலிருக்கச் சுழற்றிக்கொண்டே வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பு மூட்டுவார்கள்; போகி நெருப்பைத் தெரிந்தவருக்கு அது பிடிக்கும், ஆனால் அந்தக் கயிற்றோடு ரயிலில் ஏற முடியாது.

விடைபெறும்போது என்ன சொல்வது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு வரைக்கும் 'யோய் ஓதோஷி ஓ'. 'நல்ல ஆண்டை' என்று நம் இரண்டாம் வேற்றுமை போல ஓர் உருபைப் போட்டு அங்கேயே நிறுத்திவிடுவார்கள், 'எதிர்கொள்ளுங்கள்' என்ற வினை வாயில் வராது. பன்னிரண்டு மணி ஆனதும் அந்தத் தொடர் செல்லாது. அதன்பின் 'அகேமஷிதே ஓமேதெதோ', விடிந்துவிட்டது, வாழ்த்துகள். வரிசையில் உங்கள் முறை வருவதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் முன்னால் நிற்பவரிடம் எதைச் சொன்னீர்கள், பின்னால் நிற்பவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதில் குழப்பம் வரும், எனக்கு வந்தது.